மாடியும் மாடும்

கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையில்
என் படம் வேறு யாரோபோல் முறைக்கிறது.
ஜோர்ஜ்டவுன் ஓட்டல் ஒன்றின் குளிரறையில்
இரண்டு நாள் உட்கார்ந்து வாங்கியது.
வீடு விற்கலாம், கடை விற்கலாம்,
நிலம் விற்கலாம் என்றார் விரிவுரையாளர்.
கை தூக்கினேன்.
"நிலத்தில் நிற்பதை?"
"மரமா?"
"மாடு."
அறை சிரித்து முடிக்கும்வரை
பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.
"அது வேறு இலாகா, மிஸ் இன்பவல்லி."

காலையில் பாயான் லெப்பாஸ், பத்தொன்பதாம் மாடி.
புதிதாய் மணமான இருவர்.
சன்னலில் கடல் ஒரு துண்டு,
மீதி எதிர்க் கட்டடம்.
"இங்கே நின்று பாருங்க" என்று
அந்தப் பெண்ணை அரை அடி நகர்த்தினேன்.
அரை அடிக்குக் கடல் பெரிதாகும்.
எண்ணூற்றைம்பது சதுர அடியில்
நான் மனப்பாடமாய் அறிந்த அரை அடி அது.

பிற்பகல் பாலம் கடந்து, நிபோங் தெபால் தாண்டி,
செம்மண் பாதையில் காரின் அடிவயிறு உரசியது.
இங்கே சதுர அடி செல்லாது, ரெலோங்.
நகர்த்தி நிறுத்துவதும் செல்லாது,
சதுப்பு காலை விழுங்கிக் காட்டிவிடும்.
ஐந்து ரெலோங். கெரான் சுத்தம்.
லாரி ஓட்டி முதுகு போன சர்குணன்
நிலத்தை மட்டும் தரமாட்டாராம்.
"பதினொன்னும் சேர்த்துத்தான் விலை."
கிடங்கு கட்ட வந்த கூ
சப்பாத்துக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்.
"மாடு வேண்டாம்" என்று மலாயில் சொன்னார்.
மூவருக்கும் மலாய் தெரியும்.
மூவரும் புரியாதவர்போல் நின்றோம்.

அட்டையைத் தொட்டுக்கொண்டேன்.
அதன்படி என் வாய் வேலிக்கல்லைப் பேசலாம்,
வேலிக்குள் மேய்வதைப் பேசக் கூடாது.
மாடியில் கொக்கி மேலே, மாட்டில் கீழே,
அவ்வளவுதான் பேதம் என்றிருந்தேன்.

மழை பிடித்தது.
கொட்டகை ஓரம் செவலை ஒன்று
எழுந்தது, படுத்தது, மறுபடி எழுந்தது.
சர்குணன் சட்டையைக் கழற்றினார்.
"குடையப் பிடிம்மா."
உங்கள் கனவு இல்லம் எங்கள் கடமை
என்று அச்சிட்ட நிறுவனக் குடை.
அதன் கீழே
முதலில் இரண்டு குளம்பு,
பிறகு மூக்கு,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
கூ ஓடிவந்து கயிற்றின் நுனியைப் பிடித்தார்,
ஒரு காலில் மட்டும் பிளாஸ்டிக் பையோடு.
யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

வழுக்கி விழுந்த ஈரப் பொட்டலம்
தும்மியது.
ஒரு காது நிமிர்ந்தது. மற்றது யோசித்தது.

என் பையிலிருந்த வரைவில் பதினொன்று.
எதிரே பன்னிரண்டு.
"இதுவும் விலையில் சேர்த்தியா?"
கேட்டவர், வேண்டாம் என்ற அதே கூ.
சர்குணன் முழங்கைவரை கழுவிக்கொண்டே சொன்னார்,
"அது இன்னும் விலைக்கு வரல."

மறுநாள் கால்நடை இலாகா.
நான்கு பக்கப் படிவம்.
அனுபவம் என்ற கட்டத்தில்
"கொண்டோ, ஏழு வாரம்" என்று எழுதி அடித்தேன்.
அடித்ததற்கு மேலே, இடுக்கில்:
ஒரு பிரசவம். குடை பிடித்தேன்.
குமாஸ்தா இருமுறை படித்தார்.
முத்திரை அவர் கையிலேயே இருந்தது.
"என்ன கன்று?"
"கிடாரி."

கைப்பேசி அதிர்ந்தது. பத்தொன்பதாம் மாடிப் பெண்.
"அந்த சன்னல் பக்கம் கட்டில் போட்டா,
படுத்துக்கிட்டே கடல் தெரியுமா?"
தெரியும் என்று தட்டினேன்.
அழித்தேன்.
சாயங்காலம் வந்து
படுத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.