கிழிக்கக் கூடாத தாள்

அழிக்கக் கூடாது.
தாளைக் கிழிக்கக் கூடாது.
இரண்டு வரிகளுக்கு நடுவே எதையும் நுழைக்கக் கூடாது.
பிழையென்றால் ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி.
பக்கத்தில் உன் முதலெழுத்து.
(கெசையா த்வேட். எனவே என்னுடையது கே.டி.
சிரிக்க வேண்டாம்.)

காவல் பட்டப்படிப்பின் முதல் வாரத்தில்
ஒரு கறுப்புக் குறிப்பேடும் இந்தத் தடைகளும் கொடுத்தார்கள்.
சீருடை இல்லை.
பட்டம் வாங்கினாலும் வேலை நிச்சயமில்லையென்று
கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது.
கடன் நிச்சயம்.

இது இரண்டாம் ஆண்டு.
திங்கள் சட்டம், செவ்வாய் குற்றவியல்,
புதன் புள்ளிவிவரம், பாதி வகுப்பு தூங்கும்.
வியாழன் மதியம் பொய் வீடு.

பிரெஸ்டன் மழையில் வண்டி நிறுத்தத்தை ஒட்டி நிற்கிறது அது.
சோபா நிஜம். கெட்டில் நிஜம். ஜன்னல் தூசியும் நிஜம்.
கூரை மூலைகளில் நான்கு கேமரா.
சமையலறைத் தரையில் உடைந்த தட்டு;
வாராவாரம் அதே தட்டை
ஒட்டி ஒட்டி உடைக்கிறார்கள்.

அன்று எங்கள் முறை.
சுஹைல் கதவைத் தட்டினான்,
சிரிப்பை அடக்க முடியாத 'கணவனை'
முன்னறைக்குக் கூட்டிப் போனான்.
'மனைவி' எனக்கு.
நாடகத் துறை மொரக், மணிக்குப் பதினோரு பவுண்டு.
அவள் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்:
மிஸஸ் கார்ட்டர், வயது முப்பத்தொன்று,
குழந்தை இல்லை, தட்டு தானாக விழுந்தது.

ஆம், இல்லை என்பதற்குள் அடங்காத கேள்வியைக்
கேட்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன்.
"தட்டு தானா விழுந்துச்சு."
எழுதினேன்.
பிறகு அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டி,
கெட்டிலிடம் சொல்வது போல,
"நாய் பாக்கறப்ப மட்டும் வேணாம்னு
அவன்கிட்டச் சொல்லுங்க."
எழுதினேன், சொன்னது சொன்னபடி.
நேரம் 14:22.

ஒலிபெருக்கியில் ஹோல்ராய்டின் குரல்: பயிற்சி முடிந்தது.
மொரக் கண் மையைச் சரிசெய்தாள்,
வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டாள்,
குடையை மறந்துவிட்டுப் போனாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
முன்னாலும் நாய் இல்லை, பின்னாலும்.

"நடிக்கிறவங்க அப்படித்தான்,
கைலேர்ந்து போடுவாங்க," என்றான் சுஹைல்.
இருக்கலாம்.
'நல்ல நடிப்பு' என்று அடுத்த வரியில் எழுதினேன்.
அதன்மேல் ஒற்றைக் கோடு.
கே.டி.

மதிப்பெண் அறுபத்திரண்டு.
கேள்விகள் நன்று. நாய் குறித்த வாக்கியத்துக்கு
மூலம் தெளிவில்லை.

மூலம் தெளிவில்லை என்பதை
ஒன்பது நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.
நூலகத்தில் ஐயாயிரம் சொல் கட்டுரை,
'சாட்சியின் நம்பகத்தன்மை', நாற்பது மேற்கோள்.
ஒன்றிலும் நாய் இல்லை.

பத்தாம் நாள், பேருந்து நிலையம்.
மொரக். காலடியில் சாம்பல் நிறத்தில் ஒன்று,
ஒரு காது மடிந்து, தரையோடு தரையாக.
என்னிடம் பட்டையும் இல்லை பட்டமும் இல்லை,
அவளுடைய குடைதான் இருந்தது.
கொடுத்தேன்.
"பேரென்ன?"
நாயைத்தான் கேட்டேன்.
"பிஸ்கட்," என்றாள்.
வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.
தோன்றியது, கேட்கவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன். குறிப்பேடு பைக்குள்ளேயே.

இருபத்துமூன்று வந்தது.
கதவு திறந்தது.
நாய் எழுந்தது.
அவள் எழவில்லை.