நீலம் சற்று விலகிய தாள்

செவ்வாய்ப்பேட்டையில் எல்லாருக்கும் கடலை தெரியும்.
மூட்டை என்ன விலை, எந்த மண், எத்தனை நாள் காய்ச்சல்.
கடலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அதனால் அந்த ஆர்டர் வந்த அன்று
ஓனர் குப்பண்ணன் இரண்டு தடவை படித்தார்:
அலைச்சறுக்குக் கடற்கரைகள்,
நாலு கலர், மூன்று மடிப்பு, ஐயாயிரம் பிரதி.
பிறகு என் கீபோர்டின் மேல் வைத்தார்
யார் வீட்டுப் பெண்ணையோ ஒப்படைப்பது போல.

ஆறு கரைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு புள்ளி.
பச்சை: இன்றுதான் முதல் முறை.
மஞ்சள்: விழுந்து பழகியவர்.
சிவப்பு: அடியில் பாறை உண்டு,
அது எங்கே என்று தெரிந்தவர் மட்டும்.
சிவப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.
யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

கடைசி மடிப்பில் ஒரு வரி:
'எல்லாத் திறனுடையோரும் வரலாம்.'
பன்னிரண்டு பாயிண்ட். போல்டு இல்லை.

பதினோரு வருடமாக இதே நாற்காலியில்
எத்தனையோ 'அனைவரும் வருக' அடித்தாயிற்று.
மண்டபம் மாடியில் இருக்கும்.
மேடைக்கு ஏழு படி இருக்கும்.
நானும் என் இடது கால் காலிப்பரும்
கீழே செருப்புகளுக்குக் காவல் இருப்போம்.

ப்ரூஃப் சரிபார்க்கிற சாக்கில்
தாளில் இருந்த எண்ணை அழைத்தேன்.
பின்னால் ஒரே காற்று. ஒரு பெண் குரல்.
பிழை ஏதும் இல்லை, ஒரு சந்தேகம் என்றேன்.
ஒரு கால் நிற்காது. வரலாமா?
நீச்சல்?
ஏற்காட்டு ஏரியில் பெடல் படகு,
அதுவும் பெடலை மிதித்தது என் தங்கச்சி.
அவள் சிரிக்கவில்லை.
"படுக்க வருமா?"
வரும்.
"அப்ப வாங்க. பலகையில குப்புறப் படுங்க,
பிடிச்சுக்க ரெண்டு பேர் வருவோம்.
காலைல அஞ்சரைக்கு, காத்து ஏறுறதுக்கு முன்னால."
இரும்பு நனையுமே என்றேன்.
"அதைக் கழற்றி மணல்ல வச்சிருங்க.
செருப்பெல்லாம் அங்கதான் கிடக்கும்."

மதியம் இருதயராஜ் மிஷினை ஓட்டினார்.
முதல் இருநூறு தாளில்
நீலம் ஒரு மில்லிமீட்டர் விலகி விழுந்தது:
எல்லாக் கரையிலும் கடல் ஓரடி மேலே ஏறி நின்றது.
வேஸ்ட் என்று ஒதுக்கினார்.
சாயங்காலமே அவை சின்னக்கடை வீதிக்குப் போயின.
அன்று நான் வாங்கிய தட்டுவடை செட்
மஞ்சள் புள்ளிக் கரையில் உட்கார்ந்திருந்தது,
பீட்ரூட் சாறு மெதுவாக
ஆழமான பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ரோட்டில் வண்டியை ஏற்றினேன்.
பின்னால் இரண்டு பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்.
கொண்டை ஊசி வளைவு இருபது;
காலேஜ் பையன்கள் ஒவ்வொன்றிலும்
முழங்கால் தரை தொடச் சாய்ந்து போகிறார்கள்.
என் வண்டி சாயாது. நிமிர்ந்தே திரும்பும்,
தாசில்தார் மாதிரி.
ஆனால் உள்ளே இருக்கும் எனக்கு
ஒவ்வொரு வளைவிலும் இடுப்பு தன்னால் ஒரு பக்கம் போகிறது.
பன்னிரண்டாவதில் இதைக் கவனித்தேன்.
பதின்மூன்றில் வேண்டுமென்றே செய்தேன்.
பதினான்கில் எதிரே பஸ்; ஒழுங்காகப் போனேன்.

மேலே போய் ஏரியைப் பார்க்கவில்லை.
ஒரு மிளகாய் பஜ்ஜி, ஒரு டீ,
கீழே சேலம் முழுக்க மங்கல்,
மேக்னசைட் வெட்டிய இடம் மட்டும் வெள்ளையாக.
நுரை என்று நினைக்கப் பார்த்தேன்.
முடியவில்லை. அது சுண்ணாம்பு மாதிரிதான் இருந்தது.

இறங்கும்போது ரயில் டிக்கெட் போட்டேன்.
வெயிட்டிங் லிஸ்ட் பதினொன்று.
தங்கச்சியிடம் சொன்னதற்கு
மாற்றுத்துணி எத்தனை செட் என்று கேட்டாள்.
குப்பண்ணனிடம் கல்யாணம் என்று சொல்லி லீவு கேட்டேன்.
யாருக்கு என்றார்.
தூரத்துச் சொந்தம் என்றேன்.
பத்திரிகை நம்மிடம் அடிக்கவில்லையா என்று
வருத்தப்பட்டார்.

இன்று காலை பார்த்தேன்: ஒன்பது.