நானூற்றுப் பன்னிரண்டு

பர்கூர் தாண்டி, மாங்கூழ் ஆலைக்கு அடுத்த கொட்டகையில்
கல்லறுக்கும் வட்ட ரம்பம்
ஒன்பது மணிக்குத் தொடங்கும்.
சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
கருங்கல் மேசையில் மட்டம் பார்ப்பவர்கள்.
மைக்ரான் முள்
ஈ உட்கார்ந்த மாட்டுத் தோல் மாதிரி
சிலிர்த்துக்கொண்டே இருக்கும்.

அதனால் ராத்திரியில் அளந்தோம்.
ராத்திரியில் லாரிகள்.

கனம் போதாது என்றார் முதலாளி.
இரண்டு டன் கான்கிரீட் கொட்டினோம்.
கான்கிரீட்டும் சேர்ந்து நடுங்கியது.

சௌடேஸ்வரி கொண்டுவந்த தாளில்
கனமே இல்லை.
இரும்பு, ரப்பர், இரும்பு, ரப்பர்,
நாற்பது மில்லி, நாற்பது மில்லி,
மீட்டருக்குக் கொஞ்சம் குறைய
பன்னிரண்டு ஜோடி.
"ஒவ்வொரு சேர்ப்பும் அலையில் துளியைத் திருப்பி அனுப்பும்.
துளிதான்.
திரும்புவதெல்லாம் ஒரே காலடியில் திரும்பினால்
முன்னே போக மிச்சம் இருக்காதுங்க."
நான் நம்பவில்லை.
எதைத் தடுக்கவும் சுவர் எழுப்பியே பழகியவன்.

நான்கு உத்தரங்கள்.
நான்கையும் வெட்டி ஒட்டியது நான்.
மேசை அவற்றின்மேல் ஏறிய திங்கட்கிழமை
ரம்பம் வழக்கம்போல் கத்தியது.
முள் எங்கேயும் போகவில்லை.
ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தான்.
கருவிதான் செத்துவிட்டதென்று
வேறொன்றை வைத்தோம்.
அதுவும் நின்றது.

திரையில் கோடு
முந்நூற்று நாற்பதில் சரிந்து
அறுநூறு வரை தரையில் கிடந்தது,
சித்திரையில் மார்க்கண்டேய நதி கிடப்பதுபோல.
நடுவில் மட்டும் ஓர் ஊசி,
நானூற்றுப் பன்னிரண்டில்.

மூன்றாம் உத்தரம். ஏழாம் கட்டை.
நாற்பத்து மூன்று மில்லி.
அன்றைக்கு எனக்குப் பல்வலி,
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் திட்டவில்லை.
அதிர்வூட்டியைச் சரியாக அந்த எண்ணில் நிறுத்தி
"தொட்டுப் பாருங்க" என்றாள்.
நாலாம் கட்டையில் ஒன்றுமில்லை.
ஐந்திலும் இல்லை.
ஆறில் ஏதோ சந்தேகம்.
ஏழில்
தூங்கும் பூனையின் வயிறு.
போக வழியில்லாமல், திரும்பவும் வழியில்லாமல்
என் மூன்று மில்லிக்குள் உட்கார்ந்து
உறுமிக்கொண்டிருந்தது அது.
கையை எடுக்க நேரமாயிற்று எனக்கு.

நாலு மணிக்குக் குவாரியில் வெடி.
அந்த அலைக்கு அவசரம் கிடையாது.
அவ்வளவு நீளத்துக்கு
எங்கள் பன்னிரண்டு ஜோடியும் ஒரே துண்டு,
நாற்பதா நாற்பத்து மூன்றா என்று பார்க்காது.
மேசை, உத்தரம், டீ கிளாஸ், எங்களையும்
மொத்தமாக ஒருமுறை தூக்கி வைத்துவிட்டுப் போகும்.
"அதுக்கு இது இல்லைங்க" என்றாள்,
யாரும் கேட்காமலே.

சங்கு ஊதுகிறது. எல்லோரும் எட்டி நிற்கிறோம்.
முள் ஆடி முடிக்கட்டும்.
நாற்பதில் ஒரு கட்டை வெட்டவேண்டும்.
பல்லைப் பிடுங்கியாயிற்று.