இடது குழல்

எழுதினால் நீளம், சொன்னால் லெம்ஸ்டர்.
தன் பெயரில் பாதியைத் தானே விழுங்கிய ஊர்.
சனிக்கிழமை ஏலத்தில் இருநூற்றுப் பதினான்காம் எண்:
இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி,
வாய்வழி கெட்டிப்பது, கேப்பு வைத்து வெடிப்பது.
பூட்டுத் தகட்டில் 'ஹார்பாட்டில், ஷ்ரூஸ்பரி' என்று
நகத்தால் கீறியதுபோல் எழுத்து.
குறைகள்: கோல் பிற்காலத்தது.
இடது சுத்தியல் பாதியில் நிற்கிறது, வில் பழுதாக இருக்கலாம்.

அந்தக் கடைசி வரிதான் விலையைக் குறைத்தது.
காதுமடலைத் தொட்டே ஏலம் கேட்கும் பெட்டிஃபர்
முந்நூற்றெண்பதில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.
இரவுப் பணி முடித்த கசங்கிய நீலச் சீருடையோடு
நானூறு என்றேன்.

ஆங்கிலத்தில் சுத்தியல். தமிழில் குதிரை.
வலது குதிரை படுத்திருந்தது.
இடது, ஏதோ சத்தம் கேட்டதுபோல்
முன்னங்காலைத் தூக்கியபடி.

இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த குழல்.
எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க
வரிகள் மேலே வந்தன,
வற்றிய ஓடை மணலில் விட்டுப்போன கையெழுத்து.
கட்டையில் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம்
என் கன்னத்துக்கு எட்டவில்லை.
நீளக் கழுத்துக்காரன்.

எது வாங்கினாலும் முதலில் கோலை விட்டுப் பார்ப்பேன்.
வலதில் அடிவரை போய் 'டிங்' என்றது.
இடதில்
நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.
சத்தமில்லை. மெத்தென்று ஏதோ.

நாளெல்லாம் மற்றவர் எலும்பை ஊடுருவிப் பார்ப்பவள் நான்.
இதற்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை.
ஏலக்கூடத்தில் இதைத் தோளில் வைத்துக்
கூரைவிளக்கைக் குறிபார்த்தவர்கள் எத்தனை பேர்,
ஒரு சின்னப் பையன் உட்பட.
அலங்காரப் பொருளாக வைத்திருந்தால் உரிமம் வேண்டாம் என்கிறது சட்டம்.
அலங்காரப் பொருள் என் சமையல் மேசையில்
அடுப்பைப் பார்த்துக் கிடந்தது.

"வாய்க்கு நேரே நிற்காதே" என்றார் ஃபோனில் ஆல்வின் ப்ரோபர்ட்.
வீட்டுச் செருப்பை மாற்றாமலே வந்தார்,
கோல் நுனியில் மாட்டும் இரட்டைத் திருகோடு.
காம்பைக் கழற்றினார். மெல்ல மெல்லத் திருகினார்.
முதலில் வந்தது பழுப்புத்தாள் அடைப்பு.
பிரித்துப் பார்த்தோம். எதுவும் எழுதியிருக்கவில்லை.
அடுத்தது ரவை.
எங்கள் மொழியில் இதுவும் காலை உப்புமாவும் ஒரே சொல் என்றேன்,
அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.
முந்நூற்றுப் பதினொன்று, ஒரு தேநீர்க் கோப்பையில்.
பிறகு கம்பளி வில்லை.
பிறகு மருந்து.

வார்டில் மாதாமாதம் தேதி பார்த்து
மருந்தைத் தூக்கி எறிகிறோம்.
இதில் தேதி இல்லை.
ஒரு சிட்டிகை தவிர மீதியைத் தண்ணீரில் கரைத்தார்.
சிட்டிகையைச் சாசரில் வைத்துத் தீக்குச்சி நீட்டினேன்.

அது யோசிக்கவே இல்லை.

புகை மணி கத்தியது. நாற்காலியில் ஏறி
அதன் வாயைப் பொத்தினார் ப்ரோபர்ட்.

வலதுக்கு ஒரு கௌதாரி விழுந்திருக்கும்.
இடதுக்கு உரியது வேலி தாண்டித் தாழப் பறந்திருக்கும்.
யாராவது கூப்பிட்டார்களா, மழை பிடித்ததா,
வீடு திரும்பி மூலையில் சாத்தியவன்
அன்றிரவே இறந்தானா என்றெல்லாம் கேட்டேன்.
"சோம்பேறித்தனம்" என்றார்.
"கெட்டித்ததை வெளியே எடுப்பது எரிச்சல் பிடித்த வேலை.
நீயே பார்த்தாயே."

அவர் போனபின் வெந்நீரில் கழுவி
குழலின் வாயில் வாய் வைத்து ஊதினேன்.
கைநீட்டிக் காம்புத் துளையில் வைத்த விரலில்
காற்று பட்டது.

திங்கட்கிழமை, ஹெரிஃபோர்ட் மருத்துவமனை.
இரண்டு முழங்கால், ஒரு மணிக்கட்டு,
பிறகு ஒரு நெஞ்சு.
"மூச்சை இழுத்துப் பிடியுங்கள்."
படம் எடுத்தாயிற்று.
கண்ணாடிக்கு அப்பால் முதுகைக் காட்டி நின்றவரின்
தோள்கள் இறங்கவே இல்லை.
நான் இன்னும்
விடலாம் என்று சொல்லியிருக்கவில்லை.