அரை பார் காற்று

அறுபது வருடம் அது காற்றைக் கேட்டு வாங்கியே ஓடியது.
பிஸ்டன் கீழே இறங்கும்,
உள்ளே ஒரு வெறுமை பிறக்கும்,
அந்த வெறுமைக்கு இரங்கி
வெளியுலகம் கொஞ்சம் உள்ளே வரும்.
வருகிற வழியில் கார்புரேட்டரின் தொண்டையில்
பெட்ரோலை ஒரு துளி தொட்டுக்கொண்டு வரும்.
அவ்வளவுதான் ஏற்பாடு.

மாற்ற நினைத்தது நான்தான்.

செய்னாயோகியில் பிப்ரவரி.
கராஜுக்கு வெளியே உறைநிலைக்கு இருபத்தாறு டிகிரி கீழே.
ஆயில் பாகு பதத்தில் இருந்தது.
மூக்கு நசுங்கிய ஒரு மினி கூப்பரிலிருந்து
கழற்றி வந்த சூப்பர்சார்ஜர்
பெஞ்சில், செய்தித்தாளின்மேல்,
பேரம் பேசி வாங்கிய மீன் மாதிரிக் கிடந்தது.
கையால் சுழற்றினேன்.
உள்ளே இரண்டு உருளைகள்
ஒன்றையொன்று தொடாமல்
ஒன்றையொன்று விடாமல் சுற்றின.
நல்ல தம்பதி, என்றார் தைஸ்தோ.
டிராக்டர் பெல்ட் விற்கிறவர்.
விவாகரத்து இரண்டு.

எனக்கு வேலை இரவில், மூச்சுப் பிரிவில்.
தானாக இழுக்க முடியாத நெஞ்சுக்குள்
காற்றைத் தள்ளுவதற்குச் சம்பளம்.
இழுக்கிற மூச்சு வேறு, தள்ளுகிற மூச்சு வேறு.
தள்ளுகிற காற்று கதவைத் தட்டுவதில்லை.
ஆறாம் படுக்கைக்காரர் இரண்டு நாள்
இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார்.
அது தந்தபோது இவர் விட்டார்,
இவர் கேட்டபோது அது நிறுத்தியது.
எண்களைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருத்தி
இருவரையும் ஒரு தாளத்துக்குக் கொண்டுவந்தோம்.
ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தடித்த கேஸ்கெட் வைத்தோம்.
தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்கச் செய்தோம்.
கார்புரேட்டரின் ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்து,
தொண்டையில் எவ்வளவு அழுத்தமோ
கிண்ணத்திலும் அவ்வளவு என்று குழாய் இழுத்தோம்.
மார்ச்சில் ஒரு ஞாயிறு
இல்மயோகி சாலைக்கு இறக்கினேன்
அறுபத்து மூன்றாம் வருடத்து வால்வோவை.
மேடே இல்லாத நிலம். வானம் வண்டிக்கு மேலேயே படுத்திருந்தது.

மிதித்தேன்.
அழுத்தமானியின் முள் எழுந்தது. அரை பார்.
கேட்காமலே கிடைக்கும் காற்றில்
கிழவனுக்குக் குரல் உடைந்தது,
இருக்கை என் முதுகைப் பிடித்துக்கொண்டது.
நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.
பதினேழு வினாடி. எண்ணியவர் தைஸ்தோ.

பிறகு இருமல்.
பிறகு பின்னால் பனியெல்லாம் கரும்புகை.

பெட்ரோல் பற்றவில்லை, பம்ப்தான், என்றார் தைஸ்தோ.
பற்றாததற்கா கரும்புகை? என்றேன்.
கையுறையைக் கழற்றி
சாலையோரத்திலேயே மூடியைத் திறந்தேன்.
ஆறு திருகு. ஒரு நகம் போனது.

கிண்ணம் நிரம்பி வழிந்தது.
அடியில் மூழ்கிக் கிடந்தது மிதவை,
கோழிமுட்டை அளவுப் பித்தளை,
யாரோ மிதித்த தகர டப்பி போல.
எல்லாவற்றுக்கும் அழுத்தம் பங்கிட்டிருந்தோம்,
அதன் வயிற்றுக்கு மட்டும் தரவில்லை.
உள்ளே இருந்தது
அறுபத்து மூன்றில் ஒருவர் ஈயம் வைத்து அடைத்த
சாதாரண நாளின் சாதாரணக் காற்று.
சுற்றிலும் அரை பார் கூடியபோது
அந்தப் பழைய காற்றால் சுவரைத் தாங்க முடியவில்லை.

மிதவைக்கு வேலை ஒன்றே ஒன்று.
போதும் என்று சொல்வது.

அன்றிரவு ஆறாம் படுக்கையின் அருகே நின்றேன்.
எண்கள் பச்சை. எந்த மணியும் ஒலிக்கவில்லை.
ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும்
போர்வைமேல் அவர் கை
மெல்ல விரிந்து மூடியது.
எத்தனை இரவாக அப்படி விரிந்ததோ.
மருத்துவரை எழுப்பினேன். கொட்டாவியோடு வந்தார்,
பார்த்தார், இரண்டு குறைத்தார்.
கை அமைதியாயிற்று,
அல்லது தூங்கிவிட்டது.

தாம்பெரேயிலிருந்து புதிய மிதவை வரப் பதினொரு நாள்.
உள்ளே வெற்றிடமில்லாத, கருப்பான, அழகில்லாத கட்டி.
நசுங்க அதில் எதுவுமில்லை.
இப்போது வண்டி இல்மயோகி வரை போய்த் திரும்புகிறது,
தைஸ்தோ எண்ணுவதில்லை.

பழையது என் சீருடைப் பையில்,
பேனாக்களோடு.
வார்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறதே என்று
தலைமைச் செவிலியர் ஜன்னலைப் பார்க்கிறார்.
நானும் ஜன்னலைப் பார்க்கிறேன்.