எண்பத்தேழு மணி நேரம்

சார்ஸ் ஆண்டில் உபியில் ஒரு பயிற்சி நிலையத்தை மூடினார்கள்.
நாற்காலி ஐந்து வெள்ளி, வெண்பலகை இருபது.
மூலையில் சாம்பல் நிறத்தில்,
பெரிய ரைஸ் குக்கர் கனத்தில் அது.
இருநூற்று எண்பது என்றார் திரு கோ.
பேரத்துக்கு இடமில்லை என்றன
முகக்கவசத்துக்கு மேலிருந்த கண்கள்.

ஈசூன் வந்து, பதினோராம் மாடியில்
மெனுவைத் துழாவியபோதுதான் தெரிந்தது:
விளக்கின் ஆயுள் இரண்டாயிரம் மணி;
எரிந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
புது விளக்கு அறுநூறு வெள்ளி.
"அப்ப இது வாங்கினது இல்ல,
எண்பத்தேழு மணி நேரத்துக்கு வாடகை"
என்றாள் வாசுகி.
கணக்கில் அவள் தப்பியதில்லை.

கல்யாணப் படத்தைக் கழற்றி
நிலவறை போன்ற அந்தப் பாதுகாப்பு அறைக்குள் வைத்தோம்,
ஒரு வாரத்துக்கென்று.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சுவர் முழுக்கக் கடல் வந்தது.
சோபாவில் கால்களை மேலே இழுத்துக்கொண்டேன்,
நனைந்துவிடும் போல.
முப்பத்து நாலு வயது எனக்கு.

மேலே இடப்பக்கம் ஒரு செத்த புள்ளி.
செத்த புள்ளி என்பது கடைக்காரர் பாஷை;
அணைய மறுத்தது அது ஒன்றுதான்,
பச்சையாய்.
ஒருமுறை கதாநாயகி நெற்றியில் அச்சாய்ப் பொருந்திற்று.
ஒருமுறை நீதிபதியின் மூக்கில், தீர்ப்பு முடியும்வரை.

பெயர்கள் ஓடும்போது விளக்கை எரிப்பது பாவம் என்று
பெயர்களைத் தள்ளினோம்.
பாட்டுகளைத் தள்ளினோம்.
சண்டைகளை மட்டும் விட்டுவைத்தோம்;
பக்கத்து வீட்டு ரோஸ்லிக்குச் சண்டை பிடிக்கும்,
தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார்.
பள்ளி நோட்டில் நிமிடங்களை எழுதிக் கழித்தேன்.
ரேஷன் வெளிச்சம்.

கணக்குப்படி இன்னும் நாலு மணி மிச்சமிருந்தது.
கப்பல் கரை சேர இருபது நிமிடம்.
பொட்.

கருகிய வாசனை.
தாழ்வாரத்து விளக்கு சன்னல் கண்ணாடியில் கோடு கோடாய்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
"சரி, மிச்சத்தை நான் சொல்றேன்" என்றாள் வாசுகி.
கப்பலைத் தஞ்சோங் பகாருக்குத் திருப்பினாள்,
கேப்டனுக்குக் கேலாங்கில் கோப்பிக்கடை வைத்துக் கொடுத்தாள்.
"முடியாது, அவன் சாகணும்" என்றார் ரோஸ்லி.
நள்ளிரவு தாண்டியும் அவனைக் கொன்று கொன்று
பிழைக்கவைத்தார்கள்.

அதற்குப் பின் ஐந்து இயந்திரங்கள்.
நான் துரத்தியது வெளிச்சத்தை அல்ல என்று
மூன்றாவதில்தான் புரிந்தது.
வெளிச்சத்தை எறியலாம், கருப்பை எறிய முடியாது;
எறியாமல் விட்ட இடம்தான் கருப்பு.
உன் அறை எவ்வளவு இருட்டோ
அவ்வளவுதான் படத்தின் இரவு.
இந்த ஊரிலோ இரவு முழுக்க இருட்டுவதில்லை.

அரபு ஸ்திரீட்டில் பதினெட்டு மீட்டர் கருப்பு வெல்வெட் வாங்கினேன்.
"நாடகமா?" என்று கேட்டார் துணிக்கடைக்காரர்.
கூரைக்கும் கருப்பு அடித்தேன்.
"வௌவாலுக்குக் கழுத்தை நீட்டிட்டேன்" என்று
தன் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள் வாசுகி.

இப்போது இருப்பது லேசர்.
இருபதாயிரம் மணி நேரமாம்.
உட்கார்ந்து பார்க்க நமக்கு அவ்வளவு இருக்குமா என்று
நோட்டில் கணக்குப் போட்டு, கிழித்துவிட்டேன்.
ஒரு புள்ளியும் செத்ததில்லை இதில்.
ஆனாலும் படம் தொடங்கியதும்
மேலே இடப்பக்கம் ஒருதரம் பார்த்துவிடுவேன்.

போன மாதம் அந்தப் படம் கிடைத்தது.
பெயர்கள் முழுக்க ஓடின. பாட்டுகளும்.
கடல் மெய்யாகவே கருத்திருந்தது.
கப்பல் திரும்பும் இடத்தில்
வாசுகி ரிமோட்டைப் பறித்து நிறுத்தினாள்.
"ரோஸ்லி இல்லாம எப்படி?"

பொங்கோலுக்கு மாறிப்போய்ப் பன்னிரண்டு வருடம்.
மூன்றாம் மணியில் எடுத்தார்.
நான் கப்பல் என்றுதான் சொன்னேன்.
"நாற்காலி நான் கொண்டு வரணுமா?" என்றார்.