பத்தொன்பது மா

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
மூன்றாவது கடை என்னுடையது.
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் ஆங்கிலத் தட்டச்சு.
கேட் மூடினால்தான் வியாபாரம்.
பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து
ஆதார் நகல் எடுத்துக்கொண்டு
திரும்ப ஏறிக்கொள்வார்கள்.

வைரக்கண்ணு கேட்டுக்காக வருகிறவர் இல்லை.
பீரங்கிப் படையில் ஹவில்தார்,
பதினேழு வருஷம்.
மஞ்சள் பையில் டெல்லிக் கடிதம்.
"தமிழ்ல சொல்லும்மா, சத்தமா."

சத்தமாகத்தான் சொன்னேன்,
காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு.
காது கேளாமை
பணியால் விளைந்ததும் அல்ல,
பணியால் மோசமானதும் அல்ல.
"என்ன அல்ல?"
இன்னும் உரக்க.
அல்ல, அல்ல என்று
தெருவுக்கே கேட்கும்படி
அவர் மனுவை நானே
தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன்.

ஊனம் பத்தொன்பது விழுக்காடு.
இருபது இருந்தால்தான் பணம்.
விரலில் காட்டினேன்.

சிரித்தார்.
"இருபது மா ஒரு வேலி.
பத்தொன்பது மா வச்சிருக்கவனை
வேலிக்காரன்னு எவன் சொல்லுவான்?
எனக்கு மூணு மாதான், அது வேற விஷயம்."

போன ஆவணியில் முறைத் தண்ணீர்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மேல்மடையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.
மூன்று தடவை கூப்பிட்டோம் என்று
தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள்.
போனும் அடித்ததாம்.
விடிந்து போய்ப் பார்த்தால்
பக்கத்து வயலில் நாரை நிற்கிறது,
இவர் வயல் வெடிப்புக்குள்
வண்டு இறங்கிக்கொண்டிருக்கிறது.
அந்த ஒரு விழுக்காடு
அங்கேதான் எங்கோ கிடக்கிறது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஏழாம் பத்தியில் திணித்தேன்.

எத்தனை குண்டு சுட்டிருப்பீர்கள்?
"எண்ணுறவன் கூடாரத்துல இருப்பான்.
ரெண்டு கையும் பீரங்கிக்கு,
காதுக்குப் பஞ்சு."

அப்போது சரக்கு ரயில் வந்தது.
நெல் ஏற்றிய ஐம்பது பெட்டிகளும்
ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு.
நான் தட்டச்சை நிறுத்தினேன்.
அவர் நிறுத்தவில்லை.
எனக்குப் பின்னால் என்ன போகிறதென்று
அவருக்குத் தெரியவில்லை.
கை பின்பக்கம் திரும்பியது,
எதையோ எட்டிப் பார்த்தது கண்,
உதடு மட்டும் அசைந்தது.
ஆறு நிமிஷம் நான்தான் செவிடு.

கடைசிப் பெட்டி போனதும் கேட்டேன்:
"என்ன சொன்னீங்க?"

சுற்றும் முற்றும் பார்த்தார்.
குனிந்தார்.
ரகசியம் என்று நினைத்து அவர் சொன்னது
பூக்கடை வரை கேட்டது.

பரிசோதனையில் டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று
எண் சொல்லுவாராம், மெதுவாக.
எதிரே மருந்து அலமாரி, கண்ணாடிக் கதவு.
கண்ணாடியில் டாக்டரின் உதடு.
"நாப்பத்திரெண்டுன்னேன். சரின்னுட்டாரு.
இல்லேன்னா அன்னிக்கே பீரங்கிய விட்டு எறக்கி
ஸ்டோர்ல சாக்கு எண்ண விட்டிருப்பாங்க."
செவித்திறன் இயல்பு என்று எழுதி
கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.
அந்தத் தாள்தான் இப்போது
இவருக்கு எதிரான பதினோராம் பக்கம்.

"அத மட்டும் எழுதிடாதம்மா."

பூக்கடைக்காரி தலை நிமிரவில்லை.
சைக்கிள் கடைப் பையன்
பாதியில் நிறுத்திய பம்பை
மறுபடி அடிக்க ஆரம்பித்தான்.
கேட் திறந்து
பதினைந்து வண்டிகள் ஒரே சமயத்தில் ஹாரன்.

எழுதினால் ஜெயிக்குமா
எழுதாவிட்டால் ஜெயிக்குமா
எனக்குத் தெரியாது.
பக்கத்துக்குப் பத்து ரூபாய்க்குத்
தட்டச்சு செய்கிறவள் நான்.
ஏழாம் பத்திக்கும் எட்டாம் பத்திக்கும் நடுவே
இரண்டு வரி இடம் விட்டு
அச்சு எடுத்தேன்.

"எவ்வளவு?"

நான்கு பக்கம். இரண்டு ரூபாய்க்கு உறை.
குரல் இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னேன்:
நாற்பத்திரண்டு.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
நாலு பத்து ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்துப்
பையைத் துழாவினார்.

சில்லறை இல்லை.
ரெண்டு ரூபாய்
அடுத்த மனுவுக்கு வரும்போது.